இளைப்பாறும் ஆர்கமாக்

ஆர்கமாக் சரியாக ஒரு மணி நேரம் ஓடும். பிறகு நின்றுவிடும். முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. திரை கறுப்பாகும், உள்ளே சுற்றும் விசிறி அடங்கும், அறையில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் மிஞ்சும்.

ஆர்கமாக் குதிரை அல்ல. ஆக்-சிலூ வட்டக் கால்நடை அலுவலகத்தில் இருந்த கணினியின் இயங்குதளம். தலைநகரில் உள்ள கணினி ஒழுங்கு முகமை அதைப் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கியதாக அறிவித்திருந்தது. நாட்டுக்கே சொந்தமானது, அந்நியக் கை படாதது என்று சொல்லி, பாட்டன் காலத்துப் பந்தயக் குதிரை இனத்தின் பெயரை வைத்தார்கள். வெளியீட்டு விழாவில் உண்மையான குதிரை ஒன்றையும் மேடையேற்றினார்கள். ஓடிக் காட்டும் என்று எதிர்பார்த்தார்கள். அது நின்றது.

பெர்மெத் அந்த அலுவலகத்தில் சேர்ந்து ஒரு குளிர்காலம் முடிந்திருந்தது. வேதியியல் படித்தவள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், அதுவும் பெரும்பாலும் "சரி" என்பதாக இருக்கும். அரசு அலுவலகத்துக்கு ஏற்ற பிள்ளை என்று எல்லோரும் எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிடும் மேலதிகாரி ரக்கியாவுக்கு அவளை முதல் நாளே பிடித்துப்போயிற்று.

பனி கரைந்ததும் அவளுடைய வேலை மேய்ச்சல் சீட்டுக் கொடுப்பது. மலை மேய்ச்சலுக்குப் போகும் எல்லா ஆட்டுக்கும் தடுப்பூசி போட்டாயிற்று என்பதற்கு அந்தச் சீட்டுத்தான் சாட்சி. அது இல்லாமல் மலைக்குப் போகும் பாலத்தின் காவல்காரர் குறுக்குக் கட்டையைத் தூக்கமாட்டார். முன்பெல்லாம் ரக்கியா எஜே கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுவார். தேநீர் ஆறுவதற்குள் சீட்டு தயாராகிவிடும். போன இலையுதிர்காலத்தில் ஆர்கமாக் இந்த அலுவலகத்துக்கு வந்த பிறகு அது வளர்ச்சிக்கு எதிரானது என்று நிறுத்தப்பட்டது.

இப்போது ஒவ்வோர் ஆட்டின் காதில் குத்தியிருக்கும் எண்ணையும் ஆர்கமாக்கே சரிபார்க்கும். ஆட்டுக்கு ஆறு நொடி. கடைசி ஆடு வரை சரிபார்த்துவிட்டுத்தான் சீட்டை அச்சடிக்கும். நடுவில் நின்றால் மறுபடி முதல் ஆட்டிலிருந்து தொடங்க வேண்டும். பாதி மந்தை என்று ஒன்று ஆர்கமாக்கில் இல்லை.

ஜும்கால்பெக்கின் மந்தையில் ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு ஆடுகள். பரம்பரையாக மலையேறும் குடும்பம். அன்று மந்தையைப் பாலத்தருகே மகனின் பொறுப்பில் விட்டுவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி பெர்மெத்தின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஐந்நூற்று எண்பதாவது ஆட்டில் திரை கறுப்பானது.

"ஏம்மா நின்னுபோச்சு?"

பெர்மெத் கையேட்டைப் பார்த்தாள். முகமை எல்லா அலுவலகத்துக்கும் ஒரு கையேடு அனுப்பியிருந்தது. 'உங்கள் ஆர்கமாக்கை உங்களுக்கேற்ப அமைத்துக்கொள்ளவும் சரிசெய்யவும் நாற்பது குறிப்புகள்'. இரண்டாவது குறிப்பு: 'நின்றது' என்ற சொல்லைத் தவிர்க்கவும், 'இளைப்பாறுகிறது' என்க.

"இளைப்பாறுது, பைகே," என்றாள். அந்த ஊரில் மூத்த ஆண்கள் எல்லோரும் பைகே, அண்ணன்தான்.

"உக்காந்த எடத்துல உக்காந்திருக்கு. என்னத்த ஓடிக் களைச்சுச்சு?"

அவள் மீண்டும் இயக்கினாள். ஆர்கமாக் விழித்ததும் முதலில் கொமுஸ் என்ற மூன்று நரம்பு வாத்தியத்தின் இசை இரண்டு நிமிடம் ஒலிக்கும். நான்காவது குறிப்பின்படி அதுவரை எழுந்து நிற்க வேண்டும். பெர்மெத் நின்றாள். ஜும்கால்பெக்கும் தொப்பியோடு நின்றார். பிறகு இருவரும் உட்கார்ந்து ஆடுகளை எண்ணத் தொடங்கினார்கள். ஐந்நூற்று எண்பதாவது ஆட்டில் மறுபடி கறுப்பு.

"அதே எடம்," என்றார் அவர். "அந்த ஆட்டுலதான் ஏதோ கோளாறா?"

"இல்ல, பைகே. ஆட்டுல கோளாறு இல்ல."

"அப்ப எதுல?"

பெர்மெத் கீபோர்டைப் பார்த்துக்கொண்டாள்.

எதில் கோளாறு என்று அவளுக்குத் தெரியும். திரையின் வலது கீழ் மூலையில் குதிரைத் தலை போட்ட முகமையின் முத்திரை ஒட்டப்பட்டிருந்தது. ஒன்பதாவது குறிப்பு: 'முத்திரையை அகற்றுவது நாட்டுப்பற்றின்மையாகும்.' குளிர்காலத்தில் கணப்படுப்பின் சூட்டில் பசை இளகி அது ஒருநாள் தானாகவே விழுந்தது. அதன் அடியில், திரையில், மூன்று வரி ஆங்கிலம் இருந்தது. பெர்மெத் படித்தாள். அப்போது ரக்கியா எஜே பின்னால் நின்றிருந்தார்.

"படிச்சியா?"

"ம்."

"படிக்கல. சரியா?"

"சரி, எஜே."

இருவரும் சேர்ந்து முத்திரையை மறுபடி ஒட்டினார்கள். ரக்கியா எஜே மாவுப் பசை காய்ச்சிக் கொண்டுவந்தார்.

பெர்மெத் முகமையின் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாள். எடுத்தவர் கனிவாகக் கேட்டார்.

"அணைச்சுட்டு மறுபடி போட்டுப் பாத்தீங்களா?"

"அதுவே அணைஞ்சிடுது."

"நல்லது. அப்ப பாதி வேலைய அதுவே செஞ்சிடுது. நீங்க போட்டா மட்டும் போதும்."

மந்தையை இரண்டாகப் பிரித்து இரண்டு சீட்டு தரலாமா என்று அவள் கேட்டாள். அன்று அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. ஒரு மேய்ப்பருக்கு ஒரு சீட்டுத்தான் என்றார் அவர். வேண்டுமானால் மேய்ப்பரைப் பிரிக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார். பிறகு, நேரில் வந்து பார்க்க ஒருவரை அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

*

வந்தவர் பெயர் ஆதிலெத். இளைஞர். முகமையில் 'தன்வயமாக்கல் வல்லுநர்'. ஜும்கால்பெக்கின் வேலையாக வந்த விருந்தாளி என்பதால் உபசரிப்பதும் ஜும்கால்பெக்கின் பொறுப்பாயிற்று. ஓர் ஆட்டை அலுவலக வாசலுக்கு இழுத்துவந்தார்கள். வழக்கப்படி ஆதிலெத் உள்ளங்கைகளை ஏந்தி ஆசி சொல்லி, "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார். ஆடு பின்பக்கம் போயிற்று. அவர் கணினிப் பக்கம் வந்தார்.

முதலில் முத்திரையைப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைத் தட்டினார். மாவுப் பசை உறுதியாக இருந்தது. திருப்தியோடு உட்கார்ந்தார்.

"பின்னணிப் படம் என்ன இது, வெறும் பச்சைப் புல்லு?"

"அதுவே வந்தது," என்றாள் பெர்மெத்.

"அங்கதான் பிரச்சினை ஆரம்பிக்குது, தங்கச்சி. பன்னெண்டாவது குறிப்பப் படிக்கலையா? பயன்படுத்தறவங்க கணினியத் தன்னோடதா நெனைக்கணும்."

பச்சைப் புல்வெளியை எடுத்துவிட்டு, ஓடும் குதிரை ஒன்றின் அசையும் படத்தை வைத்தார். அது முகமைத் தலைவரின் சொந்தக் குதிரை. மவுஸின் அம்புக்குறியைச் சாட்டையாக மாற்றினார். பெட்டிகளைத் திறந்தால் குளம்பொலி கேட்கும்படி செய்தார். மூடினால் கனைக்கும். அடிக்கடி மூடவேண்டாம் என்று எச்சரித்தார். கனைப்பு கொஞ்சம் நீளம்.

ஜும்கால்பெக் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அது ஏன் நிக்குதுன்னு..."

"பைகே, நீங்க குதிர வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"சேணம் அழகா இருந்தா குதிர நல்லா ஓடும்ல?"

"வயித்துக்குப் போட்டா ஓடும்."

ஆதிலெத் சிரித்து அவர் தோளைத் தட்டினார். பழைய தலைமுறை, என்று ரக்கியா எஜேயிடம் சொன்னார். பிறகு எல்லோரும் இறைச்சி சாப்பிட்டார்கள். கிளம்பும்போது ஒரு பின்தொடையை அவர் வண்டியில் வைத்தார்கள்.

ஓடுகிற குதிரை நினைவகத்தைத் தின்றது. ஆர்கமாக் விழித்துக்கொள்ள இப்போது கூடுதலாக ஒன்றரை நிமிடம் ஆயிற்று. மறுநாள் ஐந்நூற்று அறுபத்தைந்தாவது ஆட்டிலேயே திரை கறுப்பானது.

சாப்பிட்ட ஆட்டைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. ஆர்கமாக் காரணம் கேட்டது. தேர்ந்தெடுக்க மூன்று விடைகள் கொடுத்திருந்தது: ஓநாய், நோய், பள்ளத்தில் விழுந்தது.

"எஜே, எதப் போடட்டும்?"

ரக்கியா எஜே கொஞ்சம் யோசித்தார்.

"ஓநாய்."

*

அடுத்து ஒரு குழுவே வந்தது. தலைமை தாங்கியவர் கிளாரா மாமித்தொவ்னா, திரைத் தோற்றப் பிரிவின் அதிகாரி. அவரைத் தகப்பன் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். வெறும் கிளாரா என்று கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது அந்தப் பிரிவில் இல்லை. அவரோடு நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் என்ன செய்வார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை, ஆனால் பசித்திருந்தார்கள். மூன்று ஆடுகள் வாசலுக்கு வந்தன.

கிளாரா மாமித்தொவ்னா திரையைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

"இது யார் பண்ணின வேலை?"

ரக்கியா எஜேயின் முகம் வெளுத்தது. எல்லோரும் வலது மூலையைப் பார்த்தார்கள். முத்திரை அங்கேயே இருந்தது. கிளாரா மாமித்தொவ்னாவின் விரல் இடது மேல் மூலையைக் காட்டியது.

"குப்பைத்தொட்டி. எங்க உக்காந்திருக்கு பாருங்க."

குப்பைத்தொட்டி ஐகான் மேலே, இடது ஓரத்தில், எல்லாவற்றுக்கும் முதலாக இருந்தது. ஆர்கமாக் வந்த நாளிலிருந்து அங்கேதான் இருந்தது.

"மேல் மூலை எது? தோர். மரியாதைப்பட்டவங்க உக்கார்ற எடம். ஏம்மா, உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா, குப்பைக்கூடையத் தோர்ல உக்கார வெச்சுட்டு விருந்தாளிய வாசப்படில நிக்க வெப்பியா?"

"இல்லைங்க, கிளாரா மாமித்தொவ்னா."

"உன் மேல தப்பு இல்ல. வளர்ப்பு அப்படி. இந்த நாடு ஏன் முன்னேறலன்னு எல்லாரும் கேக்கறாங்க. ஒரு ஸ்கிரீனத் தொறந்து பாத்தாப் போதும், தெரிஞ்சிடும்."

பிற்பகல் முழுவதும் ஐகான்களின் தகுதியைப் பற்றிப் பேசினார்கள். இறைச்சி பரிமாறும்போது எந்த எலும்பு யாருக்கு என்பதில் ஒரு முறை இருக்கிறது அல்லவா, அதே முறையை இங்கும் வைப்பது என்று முடிவாயிற்று. முகமையின் அறிவிப்புப் பெட்டிக்குத் தலைக்குரிய இடம். கணக்குப் பெட்டிக்கு இடுப்பெலும்பு. தடுப்பூசிப் பட்டியல் உழைக்கிற வர்க்கம் என்பதால் விலா. அச்சுப்பொறிக்குக் கழுத்தெலும்பு தரலாமா என்பதில் நான்கு பேரும் முதல்முறையாகப் பேசினார்கள். இரண்டு பேர் தரலாம் என்றார்கள். இரண்டு பேர், அச்சுப்பொறி வெளியிலிருந்து வந்தது, மருமகன் முறை, அதற்கு நெஞ்செலும்புதான் என்றார்கள். நெஞ்செலும்பு வென்றது.

குப்பைத்தொட்டியை வாசலுக்கு அனுப்பினார்கள். திரையின் வாசல் வலது கீழ் மூலை என்று கிளாரா மாமித்தொவ்னா தீர்மானித்தார். அங்கே முத்திரை இருந்தது. குப்பைத்தொட்டி முத்திரைக்கு அடியில் போய் மறைந்தது. அதோடு அவர் தன் பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் புதிய முத்திரை ஒன்றை எடுத்து, பழையதன் மேல் ஒட்டினார்.

"சில எடத்துல ஒரு எழுத்து ரெண்டு எழுத்து வெளிய எட்டிப் பாக்குதுன்னு புகார் வந்துச்சு," என்றார். "அதான் பெருசா அடிச்சிருக்கோம்."

"என்ன எழுத்து?" என்று கேட்டார் ஜும்கால்பெக்.

கிளாரா மாமித்தொவ்னா புதிய முத்திரையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"பைகே, நீங்க ஆட்டப் பாருங்க," என்றார் ரக்கியா எஜே.

"ஆட்டத்தான் பாக்கறேன், ரக்கியா. நான் பாக்கப் பாக்கத்தான் கொறையுது. அம்மா, ஒரே ஒரு விஷயம். இது ஏன் நிக்குது?"

கிளாரா மாமித்தொவ்னா மேய்ப்பரைப் பரிவோடு பார்த்தார்.

"நிக்கல. இளைப்பாறுது. அந்நிய நாட்டுக் கணினிங்கல்லாம் ராவும் பகலும் ஓடுது. ஏன்? அதுக்கு மானம் கிடையாது. நம்மளது அப்படி இல்ல. ஒரு மணி நேரம் உழைச்சா, கொஞ்ச நேரம் யோசிக்குது. நீங்க என்னிக்காவது யோசிச்சதுண்டா?"

"பாலத்துக்கிட்ட புல்லு தீந்துபோச்சேன்னு யோசிக்கிறேன்."

"பாத்தீங்களா? நீங்களும் யோசிக்கிறீங்க."

எலும்புகளைத் தகுதிப்படி அடுக்கிய பின் ஆர்கமாக் விழிக்க இன்னும் ஒன்றரை நிமிடம் கூடியது. இப்போது ஐந்நூற்று ஐம்பதாவது ஆட்டில் கறுப்பு. பெர்மெத் மூன்று ஓநாய்களைப் பதிந்தாள்.

*

பெர்மெத் மாலையில் பாலத்தருகே போனாள். அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீடு எதிர்ப்பக்கம் இருந்தது.

ஆற்றங்கரை மொட்டையாகிவிட்டிருந்தது. புல் போய், புல்லின் வேரும் போய், மண் தெரிந்தது. ஜும்கால்பெக்கும் மகனும் வில்லோ மரக் கிளைகளை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பால் வற்றிய தாய் ஆடுகளை மோதி மோதிப் பார்த்துவிட்டுக் குட்டிகள் விலகின. ஒரு குட்டி அவள் கோட்டின் நுனியைச் சப்பியது. பாலத்துக்கு அப்பால், கட்டைக்குப் பின்னால், மலை பச்சையாக ஏறிக்கொண்டு போயிற்று.

"இன்னும் ஒரு வாரம்," என்றார் ஜும்கால்பெக். "அதுக்கப்புறம் உங்க மெஷினு ஓடினாலும் ஒண்ணுதான், ஓடாட்டாலும் ஒண்ணுதான். குட்டிங்க தாங்காது."

"காவல்காரர் விடமாட்டாரா?"

"நல்ல மனுஷன்தான். ராத்திரி ரெண்டு மூட்ட வைக்கோல் குடுத்தான். கட்டையத் தூக்குடான்னா, சீட்டு எங்கங்கறான். சீட்டு இல்லாமத் தூக்கினா அவன் வேல போயிடும்." அவர் கத்தியைக் கிளையில் குத்தி நிறுத்தினார். "நீ படிச்ச புள்ள. உனக்குத் தெரியும்தானே, அது ஏன் நிக்குதுன்னு?"

பெர்மெத் குட்டியின் வாயிலிருந்து கோட்டை மெல்ல இழுத்தாள்.

"சரி, விடு," என்றார் அவர். "உன் மொகத்தப் பாத்தா ஆடு திருடின மாதிரி இருக்கு. விடு, மகளே."

மறுநாள் அவள் கையேட்டைக் கடைசிவரை படித்தாள். அதை யாரும் கடைசிவரை படித்ததாகத் தெரியவில்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்றாவது குறிப்பில் நின்றாள். 'ஆர்கமாக் ஓடவில்லை என்று ஊழியர் ஒருவர், முகமையின் குழு முன்னிலையில், உரத்த குரலில், உண்மையான காரணத்தோடு அறிவித்தால், அன்று ஒருநாள் மட்டும் சீட்டுகளைக் கையால் எழுதிக்கொள்ளலாம். காரணம் கூறாத அறிவிப்பு செல்லாது. அறிவித்தவருக்கு முகமை தன் நன்றியைத் தெரிவிக்கும்.'

அதை ரக்கியா எஜேயிடம் காட்டினாள். ரக்கியா எஜே எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பக்கத்து வட்டத்துல போன வருஷம் ஒருத்தனுக்கு நன்றி தெரிவிச்சாங்க."

"அப்புறம்?"

"வேல போயி, இப்ப மாஸ்கோவுல பெட்டி அடுக்கறான். ரெண்டு புள்ளைங்க." அவர் கையேட்டை மூடினார். "உனக்கு வயசு என்ன, இருபத்து மூணா? வாய மூடிட்டு இரு. நான் முப்பது வருஷமா மூடிட்டு இருக்கேன், எனக்கு என்ன கொறைஞ்சுபோச்சு?"

பெர்மெத் "சரி" என்று சொல்லவில்லை. ரக்கியா எஜே அதைக் கவனித்தார்.

*

வாரத்தின் கடைசியில் முகமைத் தலைவரே வந்தார். தொக்தோசுன் உசேனொவிச். மூன்று வண்டிகள். பாலத்தருகே ஜும்கால்பெக்கின் கூடாரத்தில் பகல் விருந்து ஏற்பாடாயிற்று. அதற்கு நான்கு ஆடுகள். ரக்கியா எஜே காலையிலேயே வந்து போர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்தார்.

கணினியும் விருந்துக்கு வர வேண்டும் என்பது தலைவரின் விருப்பம். நாட்டின் சொத்தை அலுவலகத்தில் தனியே விட்டுவிட்டு நாம் மட்டும் சாப்பிடுவது அழகல்ல என்றார். காவல் குடிசையிலிருந்து நீண்ட மின்கம்பி இழுத்தார்கள். கூடாரத்தின் தோரில், எல்லோருக்கும் மேலான இடத்தில், இரண்டு பட்டு மெத்தை போட்டுக் கணினியை உட்கார வைத்தார்கள். தலைவர் அதற்கு வலப்பக்கம் அமர்ந்தார். கிளாரா மாமித்தொவ்னா இடப்பக்கம். கணினி முன்னால் ஒரு கிண்ணம் தேநீரை யாரோ வைத்தார்கள். கொமுஸ் ஒலித்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதன் பின் திரையில் புதிதாகத் தலைவரின் முகம் தோன்றி ஒரு நிமிடம் வாழ்த்துச் சொன்னது. தலைவர் தன் வாழ்த்தைத் தலை அசைத்து ஏற்றுக்கொண்டார்.

பெர்மெத் ஆடுகளை ஓடவிட்டாள். ஆதிலெத் கைபேசியில் படம் பிடித்தார். தலைவர் பேசத் தொடங்கினார்.

"அன்பான மேய்ப்பர்களே! நான் இந்த முகமைக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. இந்தப் பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட நான் கணினியத் தொட்டதில்ல. அதனாலதான் என்னால நடுநிலையாப் பேச முடியுது."

கிளாரா மாமித்தொவ்னாவோடு வந்த அதே நான்கு பேரும் கை தட்டினார்கள்.

"புள்ளிவிவரம் பாத்தேன். இந்த வட்டத்துல ஒரே மாசத்துல ஓநாய்த் தொல்ல பயங்கரமா ஏறியிருக்கு. அதுவும் எங்க குழு வர்ற நாளாப் பாத்து வருது. எவ்வளவு தைரியம்! இதுக்குத் தனியா ஒரு குழு போடச் சொல்லியிருக்கேன். இருபது பேர் வருவாங்க. நல்லாக் கவனிச்சுக்கங்க."

ஜும்கால்பெக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"அடுத்தது, ஆர்கமாக். இளைப்பாறுதுன்னு கொற சொல்றாங்க. எங்க வல்லுநர்கள் மூணு முற ஆராய்ஞ்சாங்க. ஆர்கமாக்ல ஒரு பெசகும் இல்ல. அப்ப பெசகு எங்க? சொல்றேன். மந்தைல. நாட்டோட கணினி ஒரு மணி நேரம் ஓடுதுன்னா, நாட்டோட மந்தை ஒரு மணி நேரத்துக்குள்ள அடங்கணும். எங்க வாழ்த்தையும் சேத்துக் கணக்குப் போட்டா ஐந்நூத்து நாப்பது ஆடு. இன்னியிலேர்ந்து அதுதான் அளவு. மிச்சத்த ஒரு வாரத்துக்குள்ள அப்புறப்படுத்திடுங்க."

"எங்க அப்புறப்படுத்தறது?" என்று கேட்டார் ஜும்கால்பெக்.

"அத நாங்க தீர்மானிக்க மாட்டோம். உங்க உரிமைல தலையிட மாட்டோம். குழு வந்தா ஒரு வழி பண்ணும்."

அதற்கு மேல் அவர் நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார். இறைச்சித் தட்டு வந்தது. ஐந்நூற்று நாற்பதாவது ஆட்டில், அவர் "நிற்காமல் முன்னேறுவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பக்கத்தில் திரை கறுப்பானது. ஓடிக்கொண்டிருந்த குதிரை பாதிக் காலைத் தூக்கியபடி மறைந்தது. வெளியே குட்டிகள் கத்துவது கூடாரத்துக்குள் நன்றாகக் கேட்டது.

"இளைப்பாறுது," என்றார் கிளாரா மாமித்தொவ்னா.

"இளைப்பாறட்டும்," என்றார் தலைவர். "நாம சாப்பிடுவோம்."

ஆட்டுத்தலை அவருக்கு வந்தது. கத்தியை எடுத்துத் தேர்ந்த கையோடு பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார். ஒரு காதை அறுத்து ஆதிலெத்துக்குக் கொடுத்தார்: "பெரியவங்க சொல்றதக் கேளு." கண்ணை ரக்கியா எஜேக்குக் கொடுத்தார்: "அலுவலகத்தக் கண்ணாப் பாத்துக்கங்க." மேலண்ணம் கிளாரா மாமித்தொவ்னாவுக்கு. பிறகு நாக்கை வெட்டி எடுத்துக் கத்தி நுனியில் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். கதவோரம் உட்கார்ந்திருந்த பெர்மெத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இந்தப் பொண்ணு காலைலேர்ந்து வாயே தொறக்கல. நாக்கு இவளுக்குத்தான்! வழக்கமாப் பொண்ணுங்களுக்குக் குடுக்கறதில்ல, வாயாடி ஆயிடுவாங்கன்னு. இவ கொஞ்சம் ஆகட்டும், பரவால்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நாக்கு கை மாறிக் கை மாறிக் கதவோரம் வந்தது.

"சாப்பிட்டுட்டு ரெண்டு வார்த்த பேசணும். அது முற. ஆதிலெத், படம் எடு. ஆர்கமாக்கால அலுவலகத்துல என்ன மாற்றம் வந்துச்சுன்னு சொல்லு, மகளே. சத்தமாச் சொல்லு, பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கணும்."

பெர்மெத் நாக்கை வாயில் போட்டு மென்றாள். நன்றாக வெந்திருந்தது. உப்புத்தான் கொஞ்சம் குறைவு. ஆதிலெத் கைபேசியை அவள் பக்கம் திருப்பினார். ரக்கியா எஜே தட்டைப் பார்த்தபடி, உதடு அசையாமல், "வேண்டாம்டி," என்றார்.

அவள் எழுந்து நின்றாள். தலைவரைப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. அதனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த ஜும்கால்பெக்கைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். இந்த முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"ம், சொல்லு," என்றார் தலைவர்.

ரக்கியா எஜே கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பெருமூச்சு விட்டார். பிறகு மடியிலிருந்த பையைத் திறந்து, பழைய சீட்டுக் கட்டை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ஆர்கமாக் ஓடல, பைகே," என்றாள் பெர்மெத். பிறகு, பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்திச் சொன்னாள்: "அந்த முத்திரைக்கு அடில இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. இது வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு, முப்பது நாள் போட்டுப் பாருங்கன்னு இனாமாக் குடுத்தது. முப்பது நாள் முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. இவங்க வாங்கவே இல்ல. வாங்கற வரைக்கும் மணிக்கு ஒருதரம் அது நிக்கும்."